ஒரு ஊசி ரத்தத்துக்கு இத்தனை நாள்

மலருக்கு,

நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். நீ நன்றாக இருப்பது எனக்குத் தெரியும். காலையில் ஹாஸ்டல் இட்லியைப் படம் எடுத்து, கீழே ஒரு அழுகிற பொம்மை முகத்தையும் ஒட்டி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாய். இட்லியைக் குறை சொல்லத் தெம்பு இருக்கிறவளுக்கு உடம்பில் ஒன்றும் குறை இருக்காது. என்னைக் கேட்டால், என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தேன், அப்புறம் வாசற்படிக்குப் போனேன், இப்போது சமையல் மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். போனில் பேசிவிடலாமே என்கிறார் உங்கப்பா. போனில் நாம் பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? நான் ஒன்று சொல்வேன், நீ “மொதல்ல நான் சொல்றத கேளும்மா” என்பாய், நான் கேட்க மாட்டேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இது.

மேலே படிக்க ஹைதராபாத்துக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் நீ என்னிடம் ஒரு ஊசி ரத்தம் கேட்டாய். அது கிடைத்தால்தான் என் அண்ணன் மகன் சதீஷைப் பயமில்லாமல் கட்டிக்கொள்ள முடியுமா, முடியாதா என்று உனக்குத் தெரியும். கேட்டது அவ்வளவுதான். கை நீட்டினால் முடிந்துபோகிற வேலை. அதற்கு நான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று நீ கோபமாகக் கேட்டாய், உங்கப்பா மெதுவாகக் கேட்டார், இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியவில்லை என்பதுதான் உண்மை. இப்போது கொஞ்சம் தெரிகிறது. அதை எழுதிப் பார்க்கிறேன்.

உன்னை அந்தக் காலேஜில் சேர்த்தபோது பயோகெமிஸ்ட்ரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கு மார்க் வரவில்லை, நர்சிங் வேண்டாம் என்று நீ பிடிவாதம் பிடித்தாய், இது கிடைத்தது, சேர்த்தோம். எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் கேட்டார்கள். “உம் பொண்ணு இன்னா படிக்குது?” “ரத்தம், அது சம்பந்தமா.” “நர்ஸா?” “இல்ல.” “டாக்டரா?” “இல்ல.” “லேப்ல டெஸ்ட் எடுக்கறதா?” “அதுவும் இல்லன்னு சொல்றா.” “அப்ப இன்னாதான் படிக்குது?” அதற்கு மேல் எனக்கும் தெரியாது. மாதனூர் வருகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலேஜாவது பேர் சொன்னால் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி இருந்ததா? ஒரு கல்யாண மண்டபத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நெருக்கி உட்கார்ந்தால் உன் வகுப்பு முழுக்க ஒரே வேனில் ஏறிவிடலாம். மைக்ராஸ்கோப்பில் ஒன்று நல்லது, இன்னொன்று கண்ணாடி கீறியது. நல்லதற்கு நீங்கள் வரிசையில் நிற்பீர்கள். கெமிக்கல் வைக்கிற பிரிட்ஜில் யாரோ மோர் பாட்டில் வைத்துவிட்டு, அந்தப் பஞ்சாயத்து பிரின்சிபால் வரைக்கும் போன கதையை நீ ஒரு வாரம் சொல்லிச் சிரித்தாய். ஆனால் உங்கள் மேடம் பாடம் புரியாமல் நீ முழித்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன்னோடு நடந்துவந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பெரிய காலேஜில் யார் அப்படி நடந்து வருவார்கள்?

நீ படிக்கப் படிக்க வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லாமல் போனது. ரத்த வகை கண்டுபிடிக்கிற பாடம் நடந்த வாரம், மீந்துபோன ஊசிகளை மேடத்திடம் கெஞ்சி வாங்கிவந்து தெருவில் எல்லோர் விரலையும் கேட்டாய். உங்கப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தயிர் உறைவது எப்படி என்று எனக்கே பாடம் எடுத்தாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாய் என்று சொல்லவில்லை.

அப்புறம் அந்த மரபியல் பாடம் வந்தது. அவரவர் குடும்பத்தை வரைந்துவரச் சொன்னார் மேடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நீ சார்ட்டைத் தரையில் விரித்துப் போட்டு, ஸ்கேலும் பென்சிலுமாகப் படுத்துக்கொண்டு வரைந்தாய். எனக்கும் உங்கப்பாவுக்கும் நடுவில் இரட்டைக் கோடு, அவர் என் அத்தை மகன். என் சித்தப்பாவுக்கு இரட்டைக் கோடு. உங்கப்பாவின் தங்கைக்கு இரட்டைக் கோடு. “நம்ம வீட்ல ஒத்தக் கோடு போடவே ஆள் இல்லம்மா” என்றாய். நான், “அப்ப ஜாஸ்தி மார்க் குடுப்பாங்களா?” என்று கேட்டேன். நீ பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை.

செத்துப் போனவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டுமாம். அதற்காக உங்கப்பாவிடம் போய்க் கேட்டிருக்கிறாய். அவர் சொல்லிவிட்டார். உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது, ஒரு வயது முடிவதற்குள் போய்விட்டது என்று. நீ அடுப்படிக்கு வந்து, “அம்மா, அண்ணன் எப்படி செத்தான்?” என்றாய். அண்ணன் என்று நீ சொன்னதில் எனக்குக் காது அடைத்துப்போனது. அவனை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நான் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாளே இல்லை. அது உனக்கும் தெரியும்.

அவன் எப்படிச் செத்தான் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அப்போது கம்பெனியில் பேஸ்டிங்கில் இருந்தேன். தோலின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. அந்த வாசம் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது. வயிற்றில் அவனை வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போனேன். பிறந்தான், கழுத்து நிற்கவில்லை. கையும் காலும் நனைந்த துணி மாதிரி கிடந்தன. ஆம்பூரில் காட்டினோம், சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சளி வந்தது, மூச்சு விட முடியவில்லை, போய்விட்டான். என் மாமியார் தெருவில் நின்றே சொன்னார், “கம்பெனிக்குப் போயி அந்த வாசத்த மோந்து மோந்து புள்ளய கெடுத்துட்டா.” எனக்கு அது சரி என்றே பட்டது. வேறு யாரும் வேறு காரணம் சொல்லவும் இல்லை.

அதனால் நீ வயிற்றில் வந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன். விட்டதோடு நிற்கவில்லை. நெயில் பாலிஷ் போட்டவள் பக்கத்தில் உட்கார மாட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றுகிற வரிசைக்கு உங்கப்பாதான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள் என்று அண்ணன் வீட்டுக்கு ஆலங்காயம் போய் உட்கார்ந்துகொண்டேன். தோல் ஏற்றிய வண்டி ரோட்டில் போனால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி நிற்பேன். இந்த ஊரில் தோல் வாசம் படாமல் ஒருத்தி பிள்ளை பெற வேண்டுமென்றால் அமிர்தி காட்டுக்குத்தான் போக வேண்டும், போயிடலாமா என்று உங்கப்பாவைக் கேட்டும் பார்த்தேன். நீ பிறந்ததும் காலை உதைத்துக்கொண்டு அழுதாய். நர்ஸம்மா “இன்னா ஒத ஒதைக்குது” என்றார்கள். நான்தான் உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். ஊரில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் என் மனசுக்குள் அது ஒரு பட்டம் மாதிரி இருந்தது.

அந்தப் பட்டத்தைத்தான் நீ பிடுங்கினாய். கடைசி வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்துச் சொன்னாய். “அண்ணனுக்கு வந்தது நீ மோந்த வாசத்தால இல்லன்னுதாம்மா தோணுது. அந்த வாசம் நல்லதுன்னு நான் சொல்ல வரல. ஆனா கழுத்து நிக்காம, கை கால தூக்காம, மூச்சு கம்மியாகிப் போறது, அது பரம்பரையா வர்ற ஒண்ணா இருக்கலாம். உங்கிட்ட ஒரு பாதி, அப்பாகிட்ட ஒரு பாதி. பாதி மட்டும் இருந்தா ஒண்ணும் ஆவாது, உங்க ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு? ரெண்டு பாதியும் ஒரே புள்ளைக்குப் போய்ச் சேந்தாத்தான் வரும்.” நான், “அப்ப உனக்கு ஏன் வரல?” என்று கேட்டேன். என் பத்தியத்தைச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ தோளைக் குலுக்கிக்கொண்டு, “வந்திருக்கலாம். வரல, அவ்ளோதான்” என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நான் அலைந்த அத்தனை மாசத்துக்கும் அவ்வளவுதானா? “உன்ன படிக்க வெச்சது இதுக்குத்தானா?” என்று கத்தினேன். நீ அழவில்லை, உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய்.

நீ எதற்காக அதைத் தோண்டினாய் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. சதீஷ் உனக்கு முறை மாப்பிள்ளை என்பதற்காக மட்டும் நீ அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன், உன் ரெக்கார்ட் நோட்டில் இருக்கிற படத்தையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து “இது இன்னா, அது இன்னா” என்று கேட்பான். நீ சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். என் பாதி என் அண்ணனிடமும் இருந்தால், அது சதீஷிடமும் வந்திருக்கலாம். உன்னிடமும் இருக்கலாம். உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால்? அதுதான் உன் பயம். உன்னையும் அவனையும் மட்டும் சோதித்தால் போதாதா என்று கேட்டதற்கு, “எதைத் தேடறதுன்னு மொதல்ல தெரியணும்மா. அண்ணனுக்கு வந்தது எதுன்னு உங்க ரெண்டு பேர் ரத்தத்துலதான் தெரியும்” என்றாய். உங்கப்பா அடுத்த வாரமே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ஊசிக்குப் பயந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மனுஷன். நான்தான் பாக்கி.

இதற்கு நடுவில் நான் செய்த கூத்தையும் எழுதிவிட வேண்டும். உனக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் பார்க்க ஆலங்காயத்தில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் பிறந்த வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் பெரிய புத்திசாலி மாதிரி, “எதுக்கும் சதீஷுக்கு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டா நல்லதுண்ணா” என்றேன். உன்னிடம் கேட்டதை அரைகுறையாக வைத்துக்கொண்டு சொன்னது. நம் பக்கத்தில் மாப்பிள்ளைப் பையனுக்கு ரத்தப் பரிசோதனை கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பையன் நடத்தை மேல் சந்தேகம், கெட்ட நோய் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். வாயில் வந்து விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். “எம் புள்ளய இன்னான்னு நெனச்ச நீ? உன் கையால சோறு துன்னு வளந்தவன் அவன்” என்றார். அவ்வளவு பேர் எதிரில் சதீஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு விஷயம் தெரியும், நீ சொல்லியிருக்கிறாய், ஆனால் அவன் அப்பா எதிரில் வாய் திறந்ததே இல்லை. அண்ணி மட்டும் என் பக்கத்தில் வந்து, “வெளிய ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னா நாளைக்கி அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?” என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டோம்.

ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் துணி எடுத்துக்கொண்டு வருகிற அண்ணன் இந்த வருஷம் வரவில்லை. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்ததைப் பார்த்துவிட்டு நீ “நீயே மாமாவுக்கு ஒரு போன் பண்ணேன்” என்றாய். நான் உன் மேல் எரிந்து விழுந்தேன். காட்பாடி ஸ்டேஷனில் உன்னை ஏற்றிவிட வந்தபோதும் நான் சரியாகப் பேசவில்லை. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய், “நீ குடுக்கலன்னா பரவால்லம்மா. நான் சதீஷத்தான் கட்டிக்குவேன். ஆனா வயித்துல புள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் உன்ன மாதிரியே பயந்துகிட்டு இருப்பேன்.” வண்டி நகர்ந்துவிட்டது. உங்கப்பா கை ஆட்டினார். எனக்குக் கை எழவில்லை.

அதற்கப்புறம் நான் நானாக இல்லை. சாம்பாரில் புளி ஊற்ற மறந்தேன். நீ வளர்ந்த பிறகு கம்பெனியில் திரும்பச் சேர்ந்து இத்தனை வருஷம் தைக்கிற மிஷினில் உட்கார்ந்தால் தையல் ஓரத்தை விட்டு வெளியே ஓடியது. ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த ஷூ மேல்தோல்களை சூப்பர்வைசர் என் முன்னால் கொண்டுவந்து போட்டான். பக்கத்து மிஷின் ஷமீம் உனக்குத் தெரியும், வாயில் வந்ததைச் சொல்கிறவள். “இன்னா பேஜாரு உனக்கு? ஒரு ஊசி. கைய நீட்டிட்டு வா” என்றாள். ஊசிக்கு நான் பயப்படவில்லை என்றேன். “அது எனக்குத் தெரியாதா? எங்க வீட்லயும் மாமு பொண்ணு, சாச்சா பொண்ணுன்னுதான் கட்றாங்க. இதெல்லாம் கேட்டா மொதல்ல எவன் மூஞ்சி திருப்புவான்னு எனக்கும் தெரியும். நீ உங்க அண்ணனுக்கு பயப்படற” என்றாள். பாதி சரி. அண்ணன் வீட்டு வாசல் மூடிவிட்டால் எனக்குப் பிறந்த வீடு என்று வேறு இல்லை. மீதிப் பாதியை நான் அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அவன் போன பிறகு அவனுடைய துணி, கொலுசு, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு போட்டோ கிடையாது. என் தப்பால் போனான் என்பது ஒன்றுதான் அவனோடது என்று என்னிடம் இருந்தது. அதையும் ரத்தம் எடுத்துப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டால் அவன் எனக்கு யார்? இது பைத்தியக்காரத்தனம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். ஆனால் அது அப்படித்தான் இருந்தது.

போன ஞாயிறு உங்கப்பாவிடம்கூடச் சொல்லாமல் ஆலங்காயம் போனேன். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து வெந்நீரில் காலை வைத்திருந்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில் நின்று நின்று அவர் பாதம் எப்படி வெடித்திருக்கிறது என்று நீயே பார்த்திருக்கிறாய். என்னைப் பார்த்து வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் கீழே உட்கார்ந்து, நீ எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். பாதி, பாதி என்று. சதீஷ் மேல் ஒரு பழியும் இல்லை, கெட்ட நோய் பேச்சே இல்லை, என் பிள்ளை எதனால் போனான் என்று தெரிந்துகொள்ளத்தான், முதலில் என் ரத்தம்தான் என்றேன். அவர் வெந்நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவன குழிக்குத் தூக்கினு போனது நான்தானே” என்றார்.

அவரே சொன்னார். “அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்மா. சதீஷு அந்த வயசுல மடியில நிக்க மாட்டான், வயித்துல ஒதைப்பான். இவன தூக்குனா கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். இது வாசத்துல வந்தது இல்ல, உள்ளயே ஏதோ கொறன்னு எனக்குத் தோணிச்சு. உன் மாமியா கம்பெனி கம்பெனின்னு கத்தனப்ப நான் வாயத் தொறக்கல. தொறந்தா நம்ம வீட்டு ரத்தத்துல கொறைன்னு ஆயிடும்னு பயந்துட்டேன். நீ பேச்சு வாங்கினே. நான் பாத்துனு இருந்தேன்.” எனக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் நான் சுமந்ததில் ஒரு கை பிடித்திருக்கலாமே அவர். அண்ணியிடம் டீ கேட்டேன், குடித்தேன், எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். “புதன்கிழம வேலூர் போறேன்” என்றேன். “எங்கிட்டயும் எடுப்பாங்களா?” என்று கேட்டார். “தேவைன்னா அப்புறம் சதீஷுகிட்ட எடுப்பாங்க, உங்கிட்ட இல்ல” என்றேன். “பரவால்ல, நான் கூட வர்றேன்” என்றார்.

வேலூரில் ரொம்ப நேரம் காத்திருந்தோம். அவர் வேட்டியை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டது ஒரு சின்னப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். யார் உங்களை இதற்கு வரச் சொன்னது என்று கேட்டாள். என் பொண்ணு என்றேன். எந்தக் காலேஜ் என்று கேட்டாள், சொன்னேன். அந்தப் பேரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. “எழுதி வெச்சுக்கம்மா” என்றேன். அவள் சிரித்துவிட்டாள், ஆனால் எழுதிக்கொண்டாள். ஊசி குத்தியது ஒன்றும் தெரியவில்லை. கொசு கடித்ததற்குக்கூட நான் இதைவிடக் கத்தியிருக்கிறேன்.

பதில் வரச் சில வாரம் ஆகுமாம். உனக்கே நேராகச் சொல்லும்படி உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். என்ன வந்தாலும் நீயும் சதீஷும் உட்கார்ந்து பேசுங்கள். அவன் தன் அப்பாவிடம் பேசிவிட்டான், தானும் ரத்தம் கொடுப்பதாகச் சொன்னானாம், கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கட்டிக்கொள்ளலாம் என்று முடிவானால் கட்டிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முடிவானால் வேண்டாம். உன் மாமா வீட்டு வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக நீ ஒருத்தனைக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பயந்துகொண்டு மட்டும் கட்டிக்கொள்ளாதே. அதை நான் பட்டிருக்கிறேன். ஒன்பது மாசமும் உன்னை நான் ஒரு நாள்கூடச் சந்தோஷமாகச் சுமக்கவில்லை, மலர்.

இன்னொன்று எழுத வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருக்கிறேன். ஊசி போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் கேட்டாள், “குழந்தை எப்படி இருந்தான்மா?” நான் வழக்கம் போல, கழுத்து நிக்கல, சளி வந்தது என்று ஆரம்பித்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அது எழுதிட்டேன்மா. இருந்தப்ப எப்படி இருந்தான்? உங்களப் பாப்பானா? சிரிப்பானா?” என்றாள். அவன் போன நாளிலிருந்து எவ்வளவோ பேர் கேட்டிருக்கிறார்கள், எப்படிச் செத்தான் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நீயும் அதைத்தான் கேட்டாய். நான் பக்கத்தில் இருந்த அண்ணனைப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

சிரிப்பான் என்று சொன்னேன். உடம்புதான் அசையாது, கண் இரண்டும் வீடு பூராவும் ஓடும். மின்விசிறியைப் பார்த்துச் சிரிப்பான், கரண்டி கீழே விழுந்தால் சிரிப்பான், உங்கப்பா தும்மினால் இன்னும் ஜாஸ்தி சிரிப்பான். அவனுக்கு மூன்று மாசம் ஆனதும் நான் திரும்ப வேலைக்குப் போனேன். சாயந்திரம் கம்பெனி பஸ் முனையில் வந்து ஹாரன் அடித்ததும் அவன் கண் கதவுக்குப் போய்விடும் என்று மாமியாரே சொல்வார். தலையைத் திருப்ப முடியாது, கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, நான் உள்ளே வருகிற வரைக்கும் எடுக்க மாட்டான். எடுத்து மடியில் போட்டுக்கொள்வேன், என் புடவையெல்லாம் சொல்யூஷன் வாசம் அடிக்கும். அவனுக்கு அம்மா வாசம் என்றால் அதுதான். அதில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவான்.

உன் அம்மா